மருத்துவர் மகன் நாரணன்

டிசம்பர் 13, சனி

நாளைக்கு அமிர்தி, பஞ்சபாண்டவர் மலை, ஆற்காடு டெல்லி கேட். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வேனில் கூட்டிப்போய்க் காட்டுகிறார். மொத்தம் பன்னிரண்டு பேர். அப்பாவுக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டேன். "நான் பார்க்காத ஆற்காடா?" என்றார். ஆனாலும் மத்தியானமே செருப்பைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டார்.

டிசம்பர் 14, ஞாயிறு, இரவு

கால் கெஞ்சுகிறது. தூக்கம் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலை ஆறரைக்குக் கிளம்பி, கணியம்பாடி வழியாக அமிர்தி. வேலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான், அதற்குள் ஜவ்வாது மலைக் காடு வந்துவிடுகிறது. மழை முடிந்த சமயம் என்பதால் அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. பாறையில் உட்கார்ந்து அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம்.

அப்புறம் ஆரணி, திமிரி தாண்டி விளாப்பாக்கம் பக்கம். பஞ்சபாண்டவர் மலைக்குப் பழைய பெயர் திருப்பான்மலை. கிழக்குப் பக்கம் பாறையைக் குடைந்து, தூண் நிறுத்தி, ஏழு அறைகள் வெட்டியிருக்கிறார்கள். "பாண்டவர் அஞ்சு பேரு, அறை ஏழா?" என்று அப்பா கேட்டார். ஆசிரியருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. "இது சமணர் மலைங்க ஐயா. பழைய குகை எதைப் பார்த்தாலும் நம்ம ஜனங்க பாண்டவர் பேரை வச்சிடுவாங்க" என்றார்.

தெற்குப் பக்கம் இயற்கையான குகை, உள்ளே தண்ணீர். வெளியே அத்தனை வெயில், அங்கே குளுகுளுவென்று இருந்தது. பாறை முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவம்: பொன்னியக்கி என்ற சமணப் பெண் தெய்வம். பக்கத்தில் ஏதோ கீறல்கள், அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆசிரியர் செல்போன் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தார். நிழல் விழுந்ததும் கீறல்கள் எல்லாம் எழுத்தாகிவிட்டன! அப்பா கிட்டப்போய், தொடாமல் விரலை மட்டும் நீட்டி, "இது ட... இது ப" என்றார்.

அந்தக் கல்வெட்டின் காலம் நந்திவர்ம பல்லவனின் 50-ஆவது ஆட்சியாண்டு, அதாவது சுமார் கி.பி. 780. நாகநந்தி என்ற சமண குருவோடு பொன்னியக்கியின் உருவத்தையும் செதுக்க வைத்தவன் புகழாலைமங்கலத்து மருத்துவர் மகன் நாரணன். ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. வைத்தியர் வீட்டுப் பிள்ளை. அந்தப் பெயரை அப்பா மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

டெல்லி கேட் போகும்போது மணி நாலு. பாலாற்றங்கரையில் அந்த வாசல் மட்டும் நிற்கிறது, கோட்டை போய்விட்டது. முப்பது வருஷம் ஆற்காடு வழியாகவே வேலைக்குப் போய்வந்த அப்பா, இன்றைக்குத்தான் முதல் தடவையாக அதன் நிழலில் நின்றார்.

1751-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் சுமார் 500 பேரோடு வந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார். ஆற்காடு நவாப் பதவிக்குப் போட்டியிட்டு, திருச்சியை வளைத்திருந்த சந்தா சாகிப்பின் படையைப் பிரித்து இழுக்கத்தான் அந்த ஏற்பாடு. நினைத்தபடியே சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப் படையோடு வந்து, ஐம்பது நாள் முற்றுகை போட்டார். கிளைவோடு வந்தவர்களில் ஏறக்குறைய 300 பேர் நம் சிப்பாய்கள். சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியை மட்டும் குடித்தார்கள் என்று அவர்களைப் பற்றி ஒரு கதை உண்டு.

"அந்த முன்னூறு பேரோட பேரு இங்க எங்கயாவது வெட்டியிருக்காங்களா சார்?" என்று அப்பா கேட்டார்.

"இந்த வாசல்ல இல்லீங்க ஐயா."

அப்பா வாசலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். அப்புறம் ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வேன் ஏறினோம்.

டிசம்பர் 16, செவ்வாய்

அப்பா சுகர் செக்கப்புக்குப் போனார். டாக்டரிடம் நாரணன் கதையைச் சொன்னாராம். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "எந்த மலைங்க?" என்று கேட்டிருக்கிறார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் அப்பாவே வழி போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்: ஆற்காடு, திமிரி ரோடு, விளாப்பாக்கம். கீழே ஒரு வரி: டார்ச் எடுத்துப் போகவும்.