ஓவனில் ஸ்டஃப்டு குடைமிளகாய்: செய்து பார்த்ததில் பிடிபட்டவை

பூரணம் வைத்துச் சுடும் குடைமிளகாயில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர்தான் காரணம். காயின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் நீர். சூடு ஏற ஏற அது சுவரிலிருந்து கசிந்து, போக வழியில்லாமல் அடியில் தேங்கும். மேலே சீஸ் பொன்னிறமாகத்தான் இருக்கும். ஸ்பூனை இறக்கினால் கீழே குழைந்த சாதம். அதனால் அளவு, நேரம் எல்லாவற்றையும் அந்த நீரை மனதில் வைத்தே திருத்த வேண்டியிருந்தது.

கீழே உள்ள அளவு ஆறு பேர் சாப்பிடும் இரவு உணவுக்கு.

காய் ஒவ்வொன்றும் 170 முதல் 200 கிராம். அதைவிடப் பெரிதானால் பூரணம் நடுவில் சூடாவதற்குள் ஓரம் குழைந்துவிடும். அடியில் நான்கு மடிப்பு உள்ளதைப் பொறுக்குங்கள், தட்டில் சாயாமல் நிற்கும். நான்கு மடிப்பு பெண், மூன்று மடிப்பு ஆண் என்று சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லை, நிற்குமா சாயுமா என்பதுதான் வித்தியாசம். பச்சை நிறத்தில் இருப்பது முழுதாகப் பழுக்காத காய். சிவப்பைவிடக் கொஞ்சம் கசப்பு, சுவரும் சற்று நின்று வேகும். சுட்டபின் பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும், அதைத் தடுக்க முடியாது. சிவப்பும் மஞ்சளும் நிறம் காத்துக்கொள்ளும். இனிப்பும் கூடுதல், ஆனால் சீக்கிரம் துவளும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் பச்சையை மட்டும் 3 நிமிடம் முன்னதாக உள்ளே தள்ளிவிடுவது நல்லது.

காயைத் தயார் செய்ய மூன்று வழிகளைப் பார்த்ததில் கிடைத்த வேறுபாடு பெரிது.

அப்படியே பச்சையாக நிரப்பிச் சுட்டால் காயிலிருந்து வரும் நீர் மொத்தமும் பூரணத்துக்குள் போகிறது. 40 நிமிடம் கழித்தும் சுவர் நறுக்கென்று இருக்கும், சாதமோ நனைந்திருக்கும். கொதிநீரில் 3 நிமிடம் போட்டு எடுத்தால் வேக்காடு சமமாக வருகிறது. ஆனால் காயே நீரில் ஊறி, வாசனையும் கொஞ்சம் போய்விடுகிறது. கவிழ்த்து வைத்து ஆறவிட்டாலும் ஈரம் முழுதாக வடிவதில்லை.

மூன்றாவது வழியையே பரிந்துரைக்கிறேன். தலையை 1.5 செ.மீ. அளவில் சீவி, விதையையும் உள்ளே ஓடும் வெள்ளை நரம்பையும் எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு சிட்டிகை உப்பும் சில சொட்டு எண்ணெயும் தடவி, வாய் கீழே இருக்கும்படி டிரேயில் கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸில் 12 நிமிடம் (பச்சைக் காய்க்கு 15). எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு காயின் கீழேயும் சின்னக் குளம் கட்டியிருக்கும். அதை வடித்துவிட்டு உள்பக்கத்தை ஒரு முறை துடைத்தால் போதும். இந்த நிலையில் சுவரை விரலால் அழுத்தினால் வளைய வேண்டும், மடியக்கூடாது. மடிந்தால் அடுத்த சுற்றில் நிற்காது.

அடி கோணலாக இருந்தால் மெல்லிய சீவலாக மட்டும் எடுத்துச் சமப்படுத்துங்கள். சுவர் அரை செ.மீ. சொச்சம்தான். ஆழமாகச் சீவினால் ஓட்டை விழும். விழுந்துவிட்டால் சீவிய தலையிலிருந்து ஒரு துண்டை உள்ளிருந்து வைத்து அடைக்கலாம்.

இனி பூரணம். அரிசி 150 கிராம், சிக்கன் கீமா 350 கிராம், வெங்காயம் 200 கிராம், தக்காளி விழுது 250 கிராம், பூண்டு 5 பல், மொசரெல்லா சீஸ் 120 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி. சமைத்தபின் ஏறக்குறைய 900 கிராம், காய்க்கு 150 கிராம் வீதம் வரும். சீவிய தலையில் காம்பை நீக்கிவிட்டு மீதியைப் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு சேர்த்து வதக்கலாம்.

அரிசியைப் பச்சையாகக் கலக்காதீர்கள். மூடிய பாத்திரத்தில் குழம்பு நிறைய ஊற்றி அடுப்பில் வேகவைக்கும் முறைக்கு அது சரி, ஓவனின் உலர் சூட்டுக்குச் சரிப்படாது. அரிசி வேகும் முன் காய் குழைந்துவிடும். முழுதாக வெந்த சாதமும் வேண்டாம், அது மேலும் ஈரம் குடித்துக் களியாகும். உப்பு போட்ட நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு முக்கால் பதத்தில் வடித்துவிட வேண்டும். நீள அரிசிக்கு 8 நிமிடம் அளவில் இந்தப் பதம் வரும், புழுங்கலரிசிக்குக் கூடுதலாகும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள்: ஒரு பருக்கையை நசுக்கினால் வெளிப்பக்கம் மசிந்து, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள்.

எண்ணெயில் வெங்காயம் நிறம் மாறும்வரை வதக்கி, பூண்டு, பிறகு கீமா. கீமா விடும் நீர் வற்றி, சட்டியில் சலசலப்பு நின்று பொரியும் சத்தம் வர வேண்டும். அதன் பிறகே தக்காளி விழுதும் பொடிகளும் உப்பும். விழுது பாதியாகச் சுருங்கணும். கரண்டியால் சட்டியின் அடியில் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும் பதம். இந்த இடத்தில் 5 நிமிடம் மிச்சம் பிடித்தால் எல்லாம் வீண். அடுப்பை அணைத்து, சாதத்தையும் 40 கிராம் சீஸையும் கிளறுங்கள். உப்பு ஒரு துளி தூக்கலாகப் பட வேண்டும், ஏனென்றால் காயின் சுவருக்குச் சொந்த உப்பு கிடையாது.

சைவத்துக்குக் கீமாவுக்குப் பதில் வேகவைத்த கொண்டைக்கடலை 250 கிராமும் உதிர்த்த பனீர் 100 கிராமும். கடலையைத் தக்காளி சேர்க்கும் முன்பே மெத்தென்று வேகவைத்திருக்க வேண்டும், புளிப்பு சேர்ந்தபின் அது மேற்கொண்டு மசியாது. பாதியை மசித்துக் கலந்தால் பூரணம் உதிராமல் நிற்கும். காளான் சேர்ப்பதானால் தனியாக, தீ கூட்டி, நீர் முழுதும் வற்றும்வரை வதக்கிய பிறகே.

நிரப்பும்போது அமுக்கக் கூடாது. அமுக்கினால் சூடு உள்ளே போக நேரமாகும், சாதமும் கட்டியாகிவிடும். தளரப் போட்டு, காயை ஒரு முறை தட்டில் தட்டினால் தானே இறங்கும். விளிம்புக்கு அரை செ.மீ. கீழே நிறுத்துங்கள்.

காய்கள் ஒன்றையொன்று தாங்கும்படி நெருக்கமான பாத்திரம் எடுத்து, அடியில் 3 மேசைக்கரண்டி தண்ணீர் மட்டும் விட்டு, ஃபாயிலால் இறுக மூடுங்கள். 190 டிகிரியில் 25 நிமிடம். விசிறி ஓடும் ஓவனில் 170. மூடாமல் சுட்டால் மேல் சாதம் பல்லில் கடிபடும் அளவுக்குக் காய்ந்துவிடும். பிறகு ஃபாயிலை எடுத்து, மீதி 80 கிராம் சீஸைத் தூவி 10 முதல் 12 நிமிடம். சீஸை முதலிலேயே போட்டால் எண்ணெய் பிரிந்து ரப்பராகும். கட்டியாக வாங்கித் துருவுவது மேல்; துருவி வரும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவு சேர்ப்பதால் அது அவ்வளவு சீராக உருகாது. வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். வெளியே எடுத்து 10 நிமிடம் விட்டால் பூரணம் செட்டாகிவிடும். உடனே வெட்டினால் சரியும்.

சின்ன ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிற்க வைத்த காய் மேல் கம்பியைத் தொட்டுவிடும் உயரத்துக்கு வரும், உள்ளே சூடாகும் முன் சீஸ் கருகும். காம்போடு நெடுக இரண்டாகப் பிளந்து படகுபோல் நிரப்பி, கீழ்த் தட்டில் வையுங்கள். கவிழ்த்துச் சுடுவது 8 நிமிடம், மூடி 15, திறந்து 8. பூரணம் பரந்து கிடப்பதால் வேக்காடு சமமாக வரும், குழந்தைகளுக்குப் பாதி பாதியாகப் பரிமாறவும் தோது. உண்மையில் பெரிய ஓவனிலும் எனக்கு இந்த வடிவமே மேல் என்று படுகிறது. நிற்கும் காய்க்குப் பார்வை மட்டும்தான் கூடுதல்.

முதல் நாளே செய்து வைப்பதானால் பூரணத்தையும் கவிழ்த்துச் சுட்ட காயையும் ஆறியதும் தனித்தனியே ஃபிரிட்ஜில் வையுங்கள்; சாதத்தை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். மறுநாள் நிரப்பிச் சுடும்போது மூடிய நேரத்தை 35 முதல் 40 நிமிடமாக்கினால் நடுவரை சூடேறும்.