மெடிக்கல் போர்டின் அந்த ஒரு வரியை எதிர்த்து நான் வாங்கிய டிசெபிலிட்டி பென்ஷன்

பட்டாளத்தை விட்டு வரும்போது டாக்டர்கள் குழு உடம்பைச் சோதிக்கும் மெடிக்கல் போர்டில் எத்தனையோ பக்கம் எழுதுவார்கள். டிசெபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கிடைக்குமா கிடைக்காதா என்பது அதில் ஒரே வரியில் இருக்கிறது: "இந்த நோய் படைப்பணியால் வந்ததும் அல்ல, படைப்பணியால் கூடியதும் அல்ல." என் தாளிலும் இதையே எழுதியிருந்தார்கள். அதை எதிர்த்து, பட்டாளத்துக்காரர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரை போய் பென்ஷன் வாங்கினேன். எங்கள் வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. இதே வரியோடு திரும்பி வந்து, "போர்டே சொல்லிட்டாங்க, இனி யார்கிட்ட கேக்கறது" என்று விட்டுவிட்டவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

24 வருட சர்வீஸ் முடித்து 2016இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். சேரும்போது ஷேப் ஒன் என்ற முழு மருத்துவத் தகுதி, உடம்பில் ஒரு குறையும் இல்லை. காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இருந்துவிட்டு பீஸ் ஸ்டேஷனுக்கு (ஃபீல்டு என்னும் களப்பகுதி அல்லாத அமைதியான முகாம்) வந்த சில மாதங்களில் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. மருத்துவக் கேட்டகிரி இறங்கியது. வெளியே வரும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு பாதிப்பு 30 சதவீதம், வாழ்நாள் முழுக்க என்று மதிப்பிட்டது. ஆனால் நோய் தொடங்கியது பீஸ் ஸ்டேஷனில் என்பதால் படைப்பணிக்குச் சம்பந்தமில்லை என்று முடித்துவிட்டார்கள். சர்வீஸ் பென்ஷன் வந்தது. அதோடு சேர்ந்து வர வேண்டிய ஊனக் கூறு, அதாவது டிசெபிலிட்டிக்கான தொகை, வரவில்லை.

விதி என்னவென்றால், பாதிப்பு 20 சதவீதமாவது இருக்க வேண்டும், அது பணியால் வந்ததாகவோ பணியால் கூடியதாகவோ இருக்க வேண்டும். முதலாவது எனக்கு இருந்தது. இரண்டாவதில் தடுத்தார்கள். மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். செய்தேன். நெடுநாள் கழித்து வந்த பதிலில் போர்டு எழுதிய அதே வரியைத் திருப்பி எழுதியிருந்தார்கள், ஒரு காரணமும் கூடுதலாக இல்லை. உண்மையில் அந்தக் கடிதம் பிறகு எங்கள் பக்கத்துக்குத்தான் உதவியது.

அப்புறம்தான் வக்கீல் தேடல். முதலில் வந்தவர் வக்கீல் இல்லை, ஏஜெண்ட். "கேஸ் ஜெயிச்சா வர்ற அரியர்ஸ்ல மூணுல ஒரு பங்கு கொடுங்க, இப்ப ஒரு பைசா வேணாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் இந்திய பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்கே கூடாது. வக்கீலே கேட்கக்கூடாததை இடைத்தரகர் எப்படிக் கேட்கலாம்? ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை இப்படி ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தபோது இலவச சட்ட உதவி பற்றிச் சொன்னார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. பிரஷருக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடையாது, அதனால் நான் அந்தப் பட்டியலில் வரவில்லை. கால் போனவர், காது போனவர் என்றால் முதலில் அங்கேதான் கேட்க வேண்டும். நான் கட்டணம் கொடுத்து, தீர்ப்பாயத்தில் வழக்கமாக வாதாடும் ஒரு அம்மாவை அமர்த்தினேன். ஊரில் நிலத்தகராறு நடத்தும் வக்கீல் நல்லவராக இருக்கலாம், ஆனால் பென்ஷன் ரெகுலேஷன் வேறு உலகம்.

அவர் என் கஷ்டத்தைக் கேட்கவில்லை. "போர்டு புரொசீடிங்ஸ் முழுசா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். என்னிடம் இருந்தது சுருக்கம் மட்டும். பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடச் சொன்னார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் (தகவல்தொடர்புப் பிரிவு) என்றால் ஜபல்பூர், ஆர்ட்டிலரி (பீரங்கிப் படை) என்றால் நாசிக், ஈ.எம்.ஈ. (எந்திரப் பராமரிப்புப் பிரிவு) என்றால் செகந்திராபாத் என்று அவரவர் ரெக்கார்ட்ஸ் இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், டிஸ்சார்ஜ் தேதி இவற்றை எழுதி, போர்டு புரொசீடிங்ஸும் சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாளும் வேண்டும் என்று கேட்டேன். வந்தது.

அந்தத் தாள்களை அவர் படித்த விதம்தான் என் வழக்கையே மாற்றியது. போர்டு படிவத்தில் கேள்விகள் இருக்கும். பணியில் சேரும் முன்பே இந்த நோய் இருந்ததா? "இல்லை" என்று டாக்டர்களே எழுதியிருந்தார்கள். இவருடைய அலட்சியத்தாலோ தவறான நடத்தையாலோ வந்ததா? அதற்கும் "இல்லை". எங்கெங்கே பணி செய்தார், அது ஃபீல்டா பீஸா என்ற பட்டியலில் காஷ்மீர் வருடங்கள் வரிசையாக இருந்தன. "முன்னாடியும் இல்ல, உங்க தப்பும் இல்ல. அப்ப எங்கிருந்து வந்துச்சு? இதை அவங்கதான் சொல்லணும், நீங்க சொல்ல வேண்டியதில்ல" என்றார் அந்த அம்மா.

இதற்கு அடிப்படை 1982ஆம் ஆண்டின் பென்ஷன் தகுதி விதிகள். 2008 முதல் வெளியே வந்தவர்களுக்கு 2008ஆம் ஆண்டின் விதிகள் என்றாலும், எங்கள் வக்கீல் இந்தக் கொள்கையை வைத்தே வாதாடினார். 1982 விதிகள் சொல்வது இதுதான்: சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் இல்லையென்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாய் மேல் இல்லை. பரிசோதனையில் கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு கருதினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. அவர் 1985இல் சிக்னல்ஸில் சேர்ந்த சிப்பாய், வலிப்பு நோய் என்று 1994இல் அனுப்பப்பட்டவர். வக்கீல் அந்தத் தீர்ப்பின் நகலை என்னிடமும் கொடுத்தார். எங்கோ வடக்கே ஒரு சிப்பாய் வருடக்கணக்காகப் போராடியது இங்கே எனக்கு வழி திறந்திருக்கிறது என்று நினைத்தபோது, முகம் தெரியாத அந்த மனிதருக்கு மனதில் ஒரு சல்யூட் அடித்தேன்.

2019இல் மனு தாக்கலானது. மேல்முறையீட்டு முடிவு வந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் பழைய வழக்குகளையும் கேட்கிறார்கள். ஆனால் அரியர்ஸ் பெரும்பாலும் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். எனக்கு முழுவதும் வந்தது. ரொம்ப வருடம் முன்பே ஓய்வு பெற்ற என் சீனியர் ஒருவருக்கு நடுவில் இருந்த காலமெல்லாம் போய்விட்டது. உள்ளூரில் யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த நஷ்டம் வந்திருக்காது.

கொரோனாவால் இழுத்தது. விசாரணை அன்று பயந்த மாதிரி எதுவும் இல்லை. நீதிபதியாக இருந்த ஒருவர், பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இருவர் கொண்ட அமர்வு. "போர்டில் இருப்பவர்கள் நிபுணர்கள், அவர்கள் கருத்தில் தலையிடக் கூடாது" என்றது அரசுத் தரப்பு. காரணம் எழுதாத கருத்தை நிபுணர் கருத்து என்று எப்படி ஏற்பது என்று எங்கள் வக்கீல் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். பீஸ் ஸ்டேஷன் என்றால் டியூட்டி இல்லையா, பாதுகாப்புக் காவல் இல்லையா, குடும்பத்தை விட்டு இருப்பது இல்லையா என்றும் கேட்டார். என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

2022இல் உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. 30 சதவீதம் 50 ஆனது. 50க்குக் கீழே இருப்பதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பதை 75 ஆகவும், அதற்கு மேலே 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை உண்டு. பணிக்காலம் முடிந்து இயல்பாக ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவிலேயே இதைக் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது: 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 50,000 என்றால் அது 15,000 ரூபாய். 30 சதவீத ஊனத்துக்கு 4,500, அதுவே 50 என்று கொண்டால் 7,500. இதன் மேல் அகவிலை நிவாரணம் தனி.

உத்தரவு வந்த உடனே பணம் வந்துவிடாது. குறித்த கெடு முடிந்தும் ஒன்றும் நடக்காததால், நிறைவேற்றக் கோரி இன்னொரு மனு போட்டோம். அதற்குப் பிறகுதான் புதிய பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) வந்தது. அரசு மேலே போகவும் வாய்ப்புண்டு. தீர்ப்பாயத்தின் உத்தரவை உயர் நீதிமன்றம் ரிட் மனுவில் மறுபடி பார்க்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் வக்கீலிடம் கட்டணம் பேசும்போதே நிறைவேற்றும் மனுவும் மேல் வழக்கும் அதில் சேருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

எல்லாக் கேஸும் ஜெயிக்காது. லீவில் ஊருக்கு வந்தபோது சொந்த வேலையாகப் போய் பைக்கில் விழுந்த ஒரு தம்பியை அதே வக்கீலிடம் அனுப்பினேன். பணியோடு தொடர்பு காட்ட முடியாது, காசைச் செலவழிக்காதீர்கள் என்று அவர் நேராகவே சொல்லி அனுப்பினார். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வந்தவர்களுக்குப் புதிய தகுதி விதிகள் வந்திருக்கின்றன, என் வழக்கை அப்படியே அவர்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

கணவர் இப்படி மறுக்கப்பட்டு இறந்துவிட்டார் என்றால், அக்கா, தங்கச்சி, நீங்கள் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கையும் மறுப்புக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அவருக்குச் சேர வேண்டியிருந்த பாக்கியைக் கேட்க வழி இருக்கிறதா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள், பெண் என்பதால் வக்கீலுக்குக் காசு கேட்க மாட்டார்கள்.