மூன்று பட்டியலும் ஒரு நோட்டும்

சுனாமிக்குப் பின் வந்த 2005 பொங்கல் கழிந்த வாரம் எங்கள் ஊருக்கு மூன்று பட்டியல்கள் இருந்தன. கிராம நிர்வாக அலுவலரிடம் வீட்டுக் கணக்கு. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் தலைக்கட்டுக் கணக்கு. வீடு கட்டித்தர வந்த தொண்டு நிறுவனத்திடம் அடுப்புக் கணக்கு. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எனக்கு அப்போது 22 வயது. கல்லூரிக்குப் போனவன் என்பதால் மூன்றையும் ஒன்றாக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் சுனாமிக்குப் பலி. பிழைத்தவர்கள் தார் ஷீட் கொட்டகைகளில் வெந்துகொண்டிருந்தோம். காரில் வந்து இறங்கியவர்கள் எல்லாம் பேனர் கட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் கொட்டிய பழைய துணி மூட்டைகள் சாலையோரம் மக்கின. மீன் பிடிக்கிறவனுக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு? மீனவர்களோடு வேலை செய்துவந்த ஸ்நேகா, சிஃப்ஸ் என்ற அமைப்புகள் முன்கையெடுத்து நடத்திய ஒருங்கிணைப்பு மையம் வந்த பிறகுதான் எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்தது.

ஜனவரியில் வந்த அரசாணை கூட்டு முயற்சிக்கு வழி வகுத்தது. நிலம் அரசினுடையது, கிராமத்தில் குடும்பத்துக்கு 3 சென்ட். வீடு தொண்டு நிறுவனத்தினுடையது, ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில். கேட்பதற்கு எளிது. குடும்பம் என்றால் யார் என்பதில்தான் வண்டி நின்றது.

எங்கள் ஊரில் தலைக்கட்டு என்றால் கல்யாணமாகி ஊர் வரி கட்டுகிற ஆண். ஒரே கூரைக்குள் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தால் அரசுக்கு அது ஒரு வீடு, ஊருக்கு மூன்று தலைக்கட்டு. தனியாக உலை வைக்கிற விதவை தொண்டு நிறுவனத்துக்கு ஒரு குடும்பம், ஊர்க் கணக்கில் அவள் இல்லவே இல்லை.

மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு சாயங்காலம் பெயர்களை உரக்கப் படித்தேன். படித்து முடித்ததும், மீன் விற்கிற அத்தை ஒருவர் எழுந்தார்.

"தம்பி, என் பேர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

நான் நோட்டைப் புரட்டினேன், இல்லை என்று தெரிந்தே. "வரி கட்டாதவர்களை எப்படிச் சேர்ப்பது?" என்றார் ஊர்ப் பஞ்சாயத்தை நடத்தும் நாட்டார்களில் ஒருவர்.

"நீங்கள் வரி கேட்டீர்களா?"

கூட்டம் அன்றோடு கலைந்தது. விதவைகள் இல்லாத பட்டியலில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றது நிறுவனம். ஊர் ஒப்பாமல் ஒரு கல் நகராது என்றார்கள் நாட்டார்கள். இரண்டும் உண்மை. வாரக்கணக்கில் இழுத்தது. மார்ச் கடைசியில் வந்த ஆணையில் வீட்டுப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றிருந்தது. கிராம நிர்வாக அலுவலர் அதைப் பிடித்துக்கொண்டார். "எப்படியும் பெண் பெயருக்கு ஒரு கட்டம் போட்டாக வேண்டும். அந்தக் கட்டம் மட்டும் நிரம்பிய வரிசைகள் சில இருந்துவிட்டுப் போகட்டும்," என்றார். நாட்டார்களுக்கும் அது கௌரவமான வழியாகப் பட்டது. தோற்றதாக யாரும் சொல்ல வேண்டியதில்லையே. என் 80 பக்க நோட்டில் மூன்று தரப்பும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டன.

வரைபடம் பிறகு வந்தது. நீல நிறத் தாளைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள், யாருக்கும் புரியவில்லை. பொறியாளர் நல்ல மனிதர். மணலிலேயே சுண்ணாம்புப் பொடியால் வீட்டை முழு அளவில் கோடு போட்டார். பெண்கள் அதற்குள் நடந்து பார்த்தார்கள். அடுப்படியில் குந்தி உட்கார்ந்து, கழிவறை எதிரே இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். கழிவறை பின்பக்கம் போனது. அந்த அத்தை மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கோட்டைக் கடந்தார். கூடை கோட்டை மீறியது. அரையடி அகலப்படுத்தச் சொல்லிவிட்டு, கோட்டைக் காலாலேயே அழித்தார்.

2007-இல் சாவி கொடுத்தார்கள். எந்த வீடு யாருக்கு என்பதைக் குலுக்கல் சீட்டில் பிள்ளைகள் எடுத்தார்கள். புது வீடுகள் கடலைவிட்டுத் தள்ளிப்போனதால் படகுக்குக் காவலாக ஆண்கள் பலர் இன்றும் கரையில்தான் படுக்கிறார்கள். வாசல்கள் அகலமாகவே வந்தன, கடைசி இரண்டு வரிசை தவிர. அங்கே ஒப்பந்தக்காரர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பழைய அளவுக் கதவு நிலைகளையே மாட்டிவிட்டார். அத்தைக்குச் சீட்டு விழுந்தது கடைசி வரிசையில். கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறார்.