பித்து உடையாமல்

போன ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வீட்டு அக்கா வந்திருந்தார். அவருடைய தம்பி மகனுக்கு நாலு வயது. சிறுநீரகத்தில் கட்டி, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். “கத்தி வெச்சா ஒடம்பெல்லாம் பரவிடும்னு சொல்றாங்களே, நீ என்னா சொல்ற?” என்று கேட்டார். 2019-ல் இதே கேள்வியைத்தான் நானும் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம், குழாயடியில்தான் குளிப்பாட்டுவேன். ஒருநாள் சோப்பு போடும்போது இடது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ கையில் தட்டியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சிரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து கிளினிக்கில் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அதிலேயே இரண்டு வாரம் போனது. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. வலிக்கவில்லையே என்று வயிற்றுக் கட்டியை யாரும் விட்டுவிடாதீர்கள். இந்த நோய் வந்த பிள்ளைகள் பலருக்கு முதல் அடையாளமே வலியில்லாத கட்டிதான்.

ஸ்கேன் எடுத்ததும் வில்ம்ஸ் கட்டி என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தில் வருகிற புற்றுநோய். 1899-ல் இதைப் பற்றி எழுதிய மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவரின் பெயராம். அட்மிஷன் போட்ட அன்றே, பாப்பாவின் வயிற்றை யாரும் அழுத்திப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தொட்டுப் பார்க்கத்தான் கை போனது. நான் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு என்ன அவசரமென்றால், அன்றைக்கே அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். டாக்டரோ முதலில் நாலு வாரம் கீமோ என்றார். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு மாதம் எப்படிக் காத்திருப்பது? எனக்குக் கோபமே வந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார்: “முதலில் ஆபரேஷன் செய்கிற நாடுகளும் இருக்கும்மா. நாங்கள் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுக்கிறோம். பெரிதாக இருக்கும்போது மேல்தோல் மெல்லிசாக இருக்கும், எடுக்கும்போது உடைந்துவிடலாம். உடைந்து உள்ளே சிந்தினால் நோய் மூன்றாம் நிலை என்று ஆகிவிடும். அப்புறம் ரேடியேஷன் கொடுக்க வேண்டியிருக்கும்.”

என் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டில் முப்பது வருஷமாக மீன் வெட்டிக் கொடுக்கிறவள். அதுவரை வாயே திறக்காதவள், “பித்து ஒடையக் கூடாதுன்றீங்க” என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. மீன் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வயிற்றைக் கீறினால் ஈரலை ஒட்டிப் பச்சையாக ஒரு சின்னப் பை இருக்கும். அதை நகம் படாமல் முழுசாக எடுக்க வேண்டும். உடைந்தால் அந்தப் பச்சைத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் கசப்பு. அம்மா அரிவாள்மனையில் எவ்வளவு வேகமாக வெட்டினாலும் அந்த இடம் வந்ததும் கை மெதுவாகிவிடும். அவள் சொல்லி முடித்ததும், “அதேதான் பாட்டிம்மா” என்றார் டாக்டர். கத்தியால் பரவுவதில்லை, உடைந்து சிந்துவதில்தான் ஆபத்து என்று எனக்கு விளங்கியது அந்த நிமிஷம்தான்.

கீமோவில் ஏறிய மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருகிறது என்று நர்ஸ் சொன்னார். எங்கள் பக்கம் சுவரோரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் செடி. இப்போதும் அதைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றுவிடுவேன்.

ஆபரேஷன் நாலு மணி நேரம். கட்டியோடு இடது சிறுநீரகம், அதன் குழாய், பரிசோதனைக்காகப் பக்கத்து நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) எல்லாவற்றையும் எடுத்தார்கள். நடுவில் ஒரு டாக்டர் வெளியே வந்து எங்களைக் கூப்பிட்டு, ட்ரேயில் பச்சைத் துணியை விலக்கிக் காட்டினார். வெளிறிப்போய், வழவழவென்று, மாதுளம்பழ அளவுக்கு இருந்தது. எனக்குக் கால் நடுங்கியது. அம்மா குனிந்து நன்றாகப் பார்த்தாள். “ஒடையல” என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

எடுத்ததோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். எடுத்ததை வெட்டிப் பார்த்து வருகிற ரிப்போர்ட்தான் மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்லும். எங்களுக்கு இரண்டாம் நிலை, நெறிகளில் ஒன்றுமில்லை. அதனால் ரேடியேஷன் வேண்டியிருக்கவில்லை. கீமோ மட்டும் இன்னும் ஆறு மாதம்.

வார்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கதை இல்லை. வியாசர்பாடிப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். அவனுக்குக் கத்தி பட்டதெல்லாம் மருந்து ஏற்ற நெஞ்சில் போர்ட் என்ற சின்னக் கருவி வைத்தபோது மட்டும்தான். எண்ணூரிலிருந்து வந்த பெரிய பெண்ணுக்குத் தொடை எலும்பில். முன்னும் பின்னும் கீமோ கொடுத்து, எலும்பை எடுத்த இடத்தில் உலோகம் பொருத்திக் காலைக் காப்பாற்றினார்கள். கண்ணில் வந்த ஒரு கைக்குழந்தைக்கு உயிரைக் காப்பாற்றக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு சிறுநீரகம் போதும். மிச்சமிருப்பது கொஞ்சம் பெரிதாகி இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்கிறது. ஸ்கேன், பிரஷர், சிறுநீர்ப் பரிசோதனை எதையும் தவறவிடுவதில்லை. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை கொடுப்பதில்லை. வயிற்றின் குறுக்கே நீளமான தழும்பு இருக்கிறது. குளிக்கும்போது அதில் அவளே சோப்பு போட்டுக்கொள்கிறாள்.

அக்காவிடம் இத்தனையும் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், “டாக்டரைப் பாக்கப் போறப்ப உங்கம்மாவும் வருவாங்களா?” என்றார். நாளைக்குக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். அம்மா மீன் வெட்டுவதற்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டாள்.