சரி, மேம்

அல்ஜீப்ரா வகுப்புக்குப் பரிந்துரை எழுத மறுத்தபோது அந்த மாணவன் சண்டை போட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். "மார்க் பத்தலையா மேம்?" என்றுதான் கேட்டான். மாநிலத் தேர்வில் ஐந்தாம் நிலை, அதற்கு மேல் நிலையே கிடையாது. "மார்க் இருக்குப்பா, நீ இன்னும் தயாராகல" என்றேன். "சரி, மேம்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

2016, அமெரிக்காவில் நார்த் கரோலினா. எட்டாம் வகுப்பிலேயே உயர்நிலைப் பள்ளி அல்ஜீப்ரா எடுக்க, எங்கள் பள்ளியில் ஆசிரியர் பரிந்துரை வேண்டும். எட்டில் தொடங்காதவன், ஆண்டுக்கு ஒரு பாடம் என்று போனால், பன்னிரண்டில் கால்குலஸைத் தொட முடியாது. இது அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

பாதி நாள் வீட்டுப்பாடம் கொண்டுவர மாட்டான். அது பொய்க் காரணம் என்று இன்றைக்கும் தோன்றவில்லை. தோற்றுப்போய்க் கணக்கையே வெறுத்துவிடுவானோ என்ற பயமும் உண்மைதான். ஆனால் அதே வாரம் நம்மூர்ப் பையன் ஒருவனுக்கு, அவனுக்கு நாலாம் நிலைதான், அவன் அம்மா மூன்று மெயில் போட்ட பிறகு கையெழுத்துப் போட்டேன். அவனுடைய வீட்டுப்பாடம் தவறாமல் வரும், யார் போட்ட கணக்கு என்று நான் உற்றுப் பார்த்ததில்லை. இந்தக் கறுப்பினப் பையன் வீட்டிலிருந்து யாரும் கேட்கவில்லை, நானும் ஒரு போன் போடவில்லை.

அறுபதுகளில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதியப் போராடிய பாப் மோசஸ், வசதியற்ற மாணவர்களுக்குக் கணக்குக் கற்றுத்தரும் அல்ஜீப்ரா ப்ராஜெக்ட்டை 1982இல் தொடங்கினார். அன்றைக்கு ஓட்டு எப்படி உரிமைப் பிரச்சினையோ இன்றைக்கு அல்ஜீப்ராவும் அப்படி என்பது அவர் வாதம். ஆசிரியர் கூட்டங்களில் இதை எடுத்துச் சொல்கிறவளே நான்தான். அந்த மிசிசிப்பியில், பதிய வந்தவரிடம் அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள், எழுதியது போதுமா என்பதில் பதிவு அலுவலர் வைத்ததுதான் சட்டம். அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் காரணம் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதானா, இல்லை நான்தான் ரொம்பப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனா?

2018இல் மாநிலமே சட்டம் போட்டுவிட்டது: ஐந்தாம் நிலை வாங்கினால் மேல்நிலைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். எங்களை நம்பவில்லையே என்று முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம் அவன் முகம்.

நாலாம் நிலைக்காரர்களுக்கு எங்கள் பள்ளியில் இன்னும் நாங்கள்தான் பரிந்துரை எழுதுகிறோம். போன மாதம் ஒரு பெண்ணுக்கு எழுத உட்கார்ந்தபோது, கை தானாக வீட்டுப்பாட நோட்டைத்தான் புரட்டியது.