மணி அடிக்கட்டுமா?

மார்கழி மாதம், விடிவதற்கு இன்னும் நேரமிருந்தது. கைபேசியில் 4.40 என்று பார்த்தது நினைவிருக்கிறது. அழைத்தவர் மாணவியர் விடுதியின் இரவுக் காவலர். "சார், மெஸ் பக்கம் கேஸ் வாடை அடிக்குது. மணி அடிக்கட்டுமா?" என்று கேட்டார். "பொறுங்கண்ணே, நான் வந்து பாத்துக்கிறேன்" என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அன்று யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. காலை உணவு மட்டும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தப் "பொறுங்கண்ணே" என்ற சொல்லை எந்தத் துணிவில் சொன்னேன் என்ற கேள்வி, இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகும் என்னை விட்டபாடில்லை.

அந்த வளாகத்தின் எரிவாயுக் கசிவுக்கான அவசரகாலத் திட்டத்தை எழுதியவன் நான் என்பதால்தான் இது இவ்வளவு உறுத்துகிறது. பராமரிப்புப் பிரிவின் பொறியாளன் என்ற முறையில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு பயிற்சி முகாமில் கொடுத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அது குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அதன் பெரும்பகுதி மீத்தேன். காற்றைவிட ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும் என்பதால் கசிந்தால் மேலே ஏறும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும்போது தீப்பற்றும். நம்முடைய விடுதிச் சமையற்கூடத்திலும் வேதியியல் ஆய்வகத்திலும் இருப்பதோ சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு. அது காற்றைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளத்தையும் சாக்கடையையும் தேடிப் போகும். 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். முன்மாதிரித் திட்டத்தில் கசிவு உணரும் கருவியைக் கூரையை ஒட்டிப் பொருத்தச் சொல்லியிருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் கருவி மேலே பச்சை விளக்கோடு இருக்க, எரிவாயு கீழே கணுக்கால் அளவில் நிரம்பியிருக்கும். நான் அதைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு மாற்றினேன். அந்த ஒரு திருத்தத்தைச் செய்ததற்காக அன்று மனத்துக்குள் மகிழ்ந்ததை மறைக்க வேண்டியதில்லை.

மேலே போகும், கீழே போகும் என்பதை மட்டும் நம்பித் திட்டம் எழுதக் கூடாது என்பதையும் அப்போதே படித்திருந்தேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊரில் 1937 மார்ச் 18 அன்று ஒரு பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அங்கே கசிந்தது இலேசான இயற்கை எரிவாயுதான். ஆனால் அது கட்டடத்துக்கு அடியில் இருந்த மூடிய வெளியில் தேங்கி நின்றது. அந்த நாளில் அதற்கு வாடை சேர்க்கும் வழக்கம் இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டறை வகுப்பில் ஒரு மின்சார இழைப்புக் கருவியின் சுவிட்சைப் போட்டதும் பொறி பறந்தது. அதன் பிறகுதான் எரிவாயுவில் வாடை கலப்பது சட்டமாயிற்று. இன்று நம் சிலிண்டரில் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டனின் அழுகல் வாடையைக் காவலர் அண்ணன் அன்று உணர முடிந்ததற்கு அந்தக் குழந்தைகளின் சாவும் ஒரு காரணம். இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தவன்தான் அவரைப் பொறுக்கச் சொன்னேன்.

திட்டத்தின் நான்காம் பத்தியில் ஒரு வரி உண்டு: "வாடையை உணரும் எவரும், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல், உள்ளிருப்போரை வெளியேற்றலாம்." அந்த வரி வேண்டும் என்று குழுவில் நான்தான் வாதாடினேன். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் மாண்டதை நினைவூட்டி, சமையற்கூடத்தை ஒட்டிப் பிள்ளைகள் இருக்கும் எந்த இடத்திலும் அனுமதிக்காக ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. காவலர்களைக் கூட்டி வைத்து அந்த வரியைத் தமிழில் இரண்டு முறை படித்தும் காட்டினேன்.

பிறகு ஏன் அவர் என்னைக் கேட்டார்? அதற்கும் காரணம் நானே. அதே ஆண்டு ஏப்ரலில், தேர்வுக் காலத்தில், இரவு பதினொன்றரை மணிக்கு அவர் மணியை அடித்துவிட்டார். 200 மாணவியருக்கு மேல் இரவு உடையோடு மைதானத்தில் வந்து நின்றார்கள். சமையல் மாஸ்டர் சிலிண்டர் மாற்றும்போது வெளியேறிய கொஞ்சம் எரிவாயுவின் வாடைதான் அது. மறுநாள் பெற்றோரிடமிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி, மேலிடத்திலிருந்து, "யாரைக் கேட்டு மணி அடிச்சாங்க?" என்று ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்வியை நான் என்னோடு நிறுத்தியிருக்கலாம். திட்டத்தின் நான்காம் பத்தியைக் காட்டி, யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று பதில் எழுதியிருக்கலாம். நான் செய்யவில்லை. அதே கேள்வியை அதே சொற்களில் வார்டன் மேடத்தின் முன்னிலையில் காவலர் அண்ணனிடம் கேட்டேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, "இனிமே கேட்டுட்டு அடிக்கிறேன் சார்" என்றார். என் அப்பாவின் வயதிருக்கும் அவருக்கு.

ஆகவே, மார்கழி விடியலில் அவர் செய்தது சொன்ன சொல் தவறாமை. நான் எழுதிய வரியைவிட நான் கேட்ட கேள்வி அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது.

வீட்டிலிருந்து வளாகத்துக்குப் பைக்கில் 11 நிமிடம். பாதி வழியில் மறுபடி அழைத்தார். வண்டியை ஓரம் கட்டி எடுத்தேன். "இப்ப வாடை அவ்வளவாத் தெரியல சார்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதன் பிறகு வண்டியை முன்பைவிட மெதுவாகத்தான் ஓட்டினேன் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரே வாடையைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டிருந்தால் மூக்கு மரத்துப்போகும், வாடை குறைந்ததாகத் தோன்றுவதை எரிவாயு குறைந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் அத்தனை நேரமும் மெஸ் வராந்தாவிலேயே காவல் நின்றிருக்கிறார். சொல்லிக் கொடுத்தவனுக்கே அந்தப் பாடம், தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மனம் கேட்க விரும்பியதைக் காது கேட்டுக்கொண்டது.

வண்டியை வாயிலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். வராந்தாவில் கால் வைத்ததுமே வாடை மூக்கில் ஏறியது. காற்று துளியும் அசையவில்லை. கம்பி வலைக்கு அப்பால் சமையற்கூடம் இருட்டாக இருந்தது. உள்ளே பார்க்கக் குனிந்தபோது ஒரு சிறு சொடுக்கு. அதைத் தொடர்ந்து குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. யாரும் அதன் சுவிட்சைத் தொடவில்லை. உள்ளே சூடு ஏறியதும் அது தானாகவே இயங்கும். இயங்கும் கணத்தில் உள்ளிருக்கும் மின்தொடுப்பில் பொறி தோன்றலாம். "எந்தச் சுவிட்சையும் போடாதே, அணைக்காதே" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய எனக்கு, தன்னைத்தானே போட்டுக்கொள்ளும் சுவிட்ச் ஒன்று அங்கே இருப்பது அதுவரை தோன்றியதே இல்லை. அந்தச் சொடுக்குச் சத்தம் இப்போதும் சில இரவுகளில், என் வீட்டுச் சமையலறையிலிருந்து கேட்கும்போது, என்னை எழுப்பிவிடுகிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டடத்துக்கு வெளியே, எட்டத்தில் இருந்த மின்பலகை அறைக்கு ஓடி மொத்த இணைப்பையும் துண்டித்தேன். காவலர் அண்ணனும் வார்டன் மேடமும் அறை அறையாகக் கையால் தட்டி, பெண்களை மேட்டுப்பக்க வாயில் வழியாக வெளியே அழைத்து வந்தார்கள். மாஸ்டர் சிலிண்டர் அறைக்குப் பின்பக்கமாகப் போய் எல்லா வால்வுகளையும் மூடினார். மைதானத்துக்கு வந்த பிறகுதான் தீயணைப்பு நிலையத்துக்கும், எரிவாயுக் கசிவு உதவிக்கான 1906 என்ற எண்ணுக்கும் தகவல் சொன்னோம். சிலிண்டரையும் பொதுக் குழாயையும் இணைக்கும் ரப்பர் குழாய் ஒன்றில், வளையும் இடத்தில், நகக்கண் அகலத்துக்கு வெடிப்பு இருந்தது. சோப்பு நுரை தடவியதும் அந்த இடத்தில் மட்டும் குமிழி கொப்பளித்துக்கொண்டே இருந்தது. 19 கிலோ சிலிண்டர் ஒன்று முழுவதுமாக ஆவியானால் ஏறக்குறைய 8 கன மீட்டர் வரும். காற்றோடு கலந்து தீப்பற்றும் நிலைக்கு வந்தால், அது எங்கள் சாப்பாட்டுக் கூடத்தையே நிரப்பப் போதும். எங்கள் வளாகம் ஊருணிப் பக்கமாகச் சரிந்து செல்லும் செம்மண் நிலம். மெஸ் இருப்பது சரிவின் கீழ்ப்பக்கம். கழிவுநீர்க் கால்வாய் வழியாக எரிவாயு வராந்தா வரை வந்திருக்கிறது. நான் ஓர் அடி உயரத்தில் பொருத்திய கருவி சமையற்கூடத்துச் சுவரில் இருந்ததே தவிர, சிலிண்டர் அறையிலோ கால்வாய் ஓரத்திலோ இல்லை.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், நம் செட்டிநாட்டு வீடுகளில் அடுப்படியை வீட்டின் கடைசிப் பகுதியில் வைத்து, முற்றத்தை வானம் பார்க்க விட்டு, முகப்பிலிருந்து பின்வாசல் வரை நேர்கோட்டில் கதவு வைத்தார்களே, அந்த அறிவு இந்த விடுதிக் கட்டடத்துக்கு இல்லையே என்றார். பாதிதான் சரி. விறகுப் புகை மேலே போகும், முற்றம் அதை வாங்கிக்கொள்ளும். சமையல் எரிவாயுவோ அதே முற்றத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கவும் கூடும். ஆனால் அடுப்படியைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்த அந்த ஏற்பாடு எந்த எரிவாயுவுக்கும் பொருந்தும். அதை நாங்கள் கைவிட்டிருக்கக் கூடாது.

என்னை மிகவும் வருத்துவது குழுக் கூட்டத்தில் நடந்தது. "மணி அடிக்க வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டார்கள். "மணியின் சுவிட்ச் மெஸ்ஸை ஒட்டிய நடைபாதையில் இருக்கிறது, மின்சார மணிக்குள் ஒவ்வோர் அடிக்கும் பொறி தோன்றும், எரிவாயு பரவிய இடத்தில் அதை இயக்குவது ஆபத்து" என்று பதில் சொன்னேன். சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. என் முன்யோசனையைப் பாராட்டிக் கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். ஆனால் 4.40 மணிக்கு நான் அதை யோசிக்கவில்லை. அப்போது என் மனத்தில் இருந்தது ஏப்ரல் மாதத்துத் தொலைபேசி அழைப்புகள் மட்டுமே. காரணம் எனக்குப் பின்னால்தான் வந்தது. அநேகமாக அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்ட பிறகு.

அப்படியானால் நான் பொறுக்கச் சொன்னது சரியா, தவறா? மணி அடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வராந்தாவில் இருந்த அளவு தீப்பற்றும் எல்லையைத் தொட்டிருக்காது என்றே நினைக்கிறேன். எல்லையில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்ற கணக்கில்தான் வாடையைக் கலக்கிறார்கள். ஆனால் தரையை ஒட்டி எவ்வளவு இருந்தது என்று அளந்தவர் யார்? "மணி வேண்டாம், கதவைத் தட்டி எழுப்புங்கள்" என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு அதே அளவு நேரம்தான் பிடித்திருக்கும். அந்த 11 நிமிடமும் பெண்கள் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார்கள், குளிர்சாதனப் பெட்டி தன் வேளைக்காகக் காத்திருந்தது. பணியில் இருப்பவன் எல்லாவற்றையும் ஒரு நொடியில் யோசித்துவிட முடியாது என்று சில நாள் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். யோசிக்க முடியாத நொடிக்காகத்தானே திட்டத்தையே எழுதினோம் என்று வேறு சில நாள் தோன்றுகிறது.

கூட்டக் குறிப்பைத் திருத்தச் சொல்லி நான் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மற்றவற்றைத் திருத்தினேன். மின்சார மணி போயிற்று. பள்ளிக்கூடங்களில் இருப்பதுபோல் ஒரு தண்டவாளத் துண்டை மேட்டுப்பக்க வாயிலில், கட்டடத்திலிருந்து முப்பது அடி தள்ளி, வேப்பமரத்தில் தொங்கவிட்டு, இரும்பில் இரும்பு பட்டுப் பொறி பறக்காதபடி மரச் சுத்தியல் ஒன்றையும் கட்டி வைத்தோம். கருவிகள் சிலிண்டர் அறைக்கும் கால்வாய் ஓரத்துக்கும் போயின. குளிர்சாதனப் பெட்டி சமையற்கூடத்தை விட்டு வெளியேறியது. ரப்பர் குழாய்களில் பொருத்திய தேதியை எழுதிக் கட்டுகிறோம்.

சென்ற ஆடி மாதத்தில், பெருங்காற்று அடித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், காவலர் அண்ணன் அழைத்தார். "சார், வாடை வந்துச்சு. அடிச்சுட்டேன்" என்றார். பின்னால் தண்டவாள ஓசை இன்னும் அடங்காமல் கேட்டது. யாரைக் கேட்டு என்ற அந்தக் கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "சரிண்ணே, எல்லாரும் வெளியே வந்தாச்சா?" என்று கேட்டேன். இரண்டுக்கும் நடுவில் நான் பேசாமல் இருந்த அந்தச் சில நொடிகளை அவர் கவனித்திருப்பார்.