பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் திருகு

கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டிகளில்தான் நான் தொழில் கற்றேன். அவற்றில் பின்சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை உராய்ந்து நிறுத்தும் பிரேக் பேடை மாற்றும்போது, கேபிளைத் தளர்த்திவிட்டு, பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை அதற்குரிய கருவியால் திருகியபடியே அழுத்தினால் அது மெல்ல உள்ளே இறங்கும். எவ்வளவு இறங்கியிருக்கிறது, எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்பதெல்லாம் மணிக்கட்டுக்கே தெரிந்துவிடும். பல ஆண்டுகள் அப்படிப் பழகிய கைதான், கைக்குப் பதில் மின்மோட்டார் போடும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டி முதன்முதலாக என் பொறுப்பில் வந்தபோது என்னைத் தவறச் செய்தது.

அன்று சுவிட்சை அழுத்திப் பிரேக்கை விடுவித்தேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்தது. அதுவே போதும் என்று எண்ணிச் சக்கரத்தைக் கழற்றினேன். பேடின் உராயும் பகுதி 2 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தது, புதிய பேடில் அது ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும் என்பதால், பிஸ்டனை நன்றாக உள்ளே தள்ளினால்தான் காலிப்பர் மறுபடி உட்காரும். திருகி இறுக்கும் கருவியான சி கிளாம்பைப் பொருத்தி முறுக்கினேன். சற்றே இறங்கிய பிஸ்டன் அப்படியே நின்றுவிட்டது. துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று நினைத்து இன்னும் பலமாக முறுக்கினேன். உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு அந்தப் பக்கத்து மோட்டார் சுற்ற முயன்று நின்றுபோனது. எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. உரிமையாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். புதிய காலிப்பரின் செலவைப் பட்டறையே ஏற்றுக்கொண்டது.

கழற்றிய காலிப்பரை மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்த பிறகுதான் என் தவறு எனக்கு விளங்கியது. சில வண்டிகளில் மோட்டார் தனியே இருந்து கேபிளை இழுக்கும். இந்த வண்டியில் அது காலிப்பரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருந்தது. பிஸ்டன் உள்ளே குடைவாக இருக்கிறது. அந்தக் குடைவுக்குள் ஒரு திருகுத்தண்டும் அதன்மேல் ஒரு நட்டும் இருக்கின்றன. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது; பார்க்கிங் பிரேக்கைப் போடும்போது மோட்டார் பல்சக்கரங்கள் வழியாகத் தண்டைச் சுழற்ற, நட்டு முன்னேறிப் பிஸ்டனை உள்ளிருந்து தள்ளி, பேடை டிஸ்க்கின் மீது இறுக்குகிறது. நிறுத்திய வண்டியில் மின்சாரம் முழுதாகப் போய்விட்டாலும் பிடி விடக்கூடாது என்பதற்காக, முன்னாலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் பின்னோக்கிச் சுழலாத வகையில் அந்தத் திருகின் மரை அமைக்கப்பட்டிருக்கிறது. மேட்டில் நிற்கும் வண்டியைப் பிடித்து நிறுத்துவது எதுவோ, அதையேதான் நான் கிளாம்பைக் கொண்டு உடைக்கப் பார்த்திருக்கிறேன். சுவிட்சால் பிரேக்கை விடுவித்தால், பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி கிடைக்கும் அளவுக்கு மட்டுமே நட்டு பின்வாங்கும். அதை முழுவதும் பின்னால் கொண்டுபோக வேண்டுமானால், பழுதுபார்ப்பதற்கென்றே உள்ள சர்வீஸ் மோடில் வண்டியை வைத்தாக வேண்டும்.

அதன் பிறகு நான், வண்டியின் கணினிக்குக் கட்டளை கொடுக்கும் ஸ்கேனரை இணைக்காமல் பின்பக்கக் காலிப்பரின் போல்ட்டில் ஸ்பானரை வைத்ததில்லை. சில வண்டிகளில் பெடலையும் சுவிட்சையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தியே சர்வீஸ் மோடுக்குப் போகலாம். அந்த வரிசை வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், அந்த மாடலுக்குரிய கையேட்டைப் பார்க்காமல் செய்வதில்லை. மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சுழற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவசரத்துக்கு அது உதவுவதைக் கண்டிருந்தாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. நட்டு எங்கே நிற்கிறது என்பதை, மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்கு வைத்திருக்கிறது. அதற்குத் தெரியாமல் நகர்த்திவிட்டால், நட்டு கடைசி வரை போய் இறுகிக்கொள்ளவும் கூடும்.

பேட்டரி பலவீனமாக இருந்தால் இந்த வேலை பாதியில் நின்றுவிடும். ஆகவே முதலில் சார்ஜரை மாட்டிவிடுவேன். சர்வீஸ் மோடில் பார்க்கிங் பிரேக் வேலை செய்யாது என்பதால் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைப்பதையும் மறப்பதில்லை.

இன்னொரு நாள் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சர்வீஸ் மோடில் வைக்காமலேயே அவர் வேலையைத் தொடங்கியிருந்தார். இது தெரியாத வேறொருவர் உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். அணைத்தவுடன் தானாகவே பார்க்கிங் பிரேக்கைப் போட்டுக்கொள்ளும் வண்டி அது. மோட்டார் உறும, எதிரே டிஸ்க் இல்லாத பிஸ்டன் ரப்பர் உறையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. “அண்ணே!” என்று கத்தியபடி தம்பி விரல்களை உருவிக்கொண்டார். ஒரு கணம் தாமதித்திருந்தால் விரல் நசுங்கியிருக்கும். அன்று முதல் இந்த வேலை நடக்கும் வண்டியின் சாவி வேலை செய்பவரின் சட்டைப்பையில்தான் இருக்கும். ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி ஒன்றையும் கட்டிவிடுகிறோம்.

நட்டு முழுதாகப் பின்வாங்கிவிட்டால், பிஸ்டனைத் திருகாமல் நேராக அழுத்தினாலே போதும். கை அழுத்தத்துக்கு இணங்கி அது இறங்கும். அப்போது ஆயில் தொட்டியில் மட்டம் உயரும் என்பதை நினைவில் வைத்து, வழிந்து பெயின்ட்டில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி புதிய பேடை உட்காரவைப்பது பழைய வேலைதான். ஆயினும் கழற்றிய பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நான் தூக்கிப் போடுவதில்லை. உள்பக்கத்து பேட் மட்டும் மெலிந்திருந்தால், காலிப்பர் வழுக்கி நகர உதவும் கைடு பின் காய்ந்து இறுகி, காலிப்பர் நகர மறுக்கிறது என்று பொருள். பின்னை உருவித் துடைத்து, அதற்குரிய கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, விரலால் தள்ளினாலே வழுக்கிச் செல்கிறதா என்று பார்க்காவிட்டால், புதிய பேடும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

பூட்டி முடித்ததும், சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மெதுவாக மிதித்து, பிஸ்டன்கள் பேடைத் தொட்டு, பெடல் காலடியில் கெட்டியாகும் வரை காத்திருப்பேன். இதைத் தவறவிட்டால், எதிர்ப்பே கிடைக்காமல் நட்டு வெகுதூரம் ஓடி, கட்டுப்பாட்டுப் பெட்டி பிழை காட்டி நின்றுவிடும்.

இப்போது அந்தத் தம்பிதான் பின்பக்க பேட் வேலையைப் பெரும்பாலும் பார்க்கிறார். சென்ற வாரம் நான் ஸ்கேனரில் சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வரும் கடைசிக் கட்டளையைக் கொடுத்தபோது, அவர் சக்கரத்தின் அருகே குனிந்து காதைக் கொடுத்திருந்தார். முதலில் இடப்பக்க மோட்டார் சீராக ஓடி, கடைசியில் சற்றே கனத்து நின்றது. வலப்பக்கமும் அதே நீளத்துக்கு ஓடி, அதே போலக் கனத்து நின்றது. “இன்னொரு தடவை போட்டு எடுங்கண்ணே” என்றார். சுவிட்சை இழுத்தேன், விடுவித்தேன். இரண்டு பக்கமும் மறுபடி ஒன்றுபோலவே ஒலித்ததைக் கேட்ட பிறகுதான் அவர் எழுந்து ஜாக்கியை எடுக்கப் போனார்.